கெட்ட உலகத்தில் ஓர் அறை

“சரி, இப்படி ஓர் ஊர்ல இருக்க யாருக்காச்சும் ஆசையா? ஆசைப்படுறவங்க கையத் தூக்குங்க பார்ப்போம்.”

பதில் தெரிந்தே கேட்ட கேள்வி. பிள்ளைகள் “ஐயோ வேணாம் டீச்சர்” என்று கத்துவார்கள், கொஞ்சம் சிரிப்போம், பிறகு ஆளுக்கொரு நாவலைக் கையில் கொடுத்து அனுப்பிவிடலாம் என்பது என் திட்டம்.

பள்ளி நூல்நிலையத்தில் மதிய நேரம். செம்பனை எண்ணெய் ஆலைப் பக்கமிருந்து காற்றடித்தால் சன்னல் வழியாக ஒரு புளித்த வாடை வரும். அன்று வந்துகொண்டிருந்தது. தமிழ்மொழிக் கழகத்துப் பிள்ளைகள் காலணிகளை வாசலில் விட்டுவிட்டுத் தரைவிரிப்பில் உட்கார்ந்திருந்தார்கள். காலுறை வாடையும் அதோடு சேர்ந்துகொண்டது.

நான் சொன்ன கதை இதுதான். மழை பொய்த்துப்போன ஒரு காலம். உயரமான சுவருக்குள் ஒரு நகரம். பதினாறு வயதானதும் ஒவ்வொருவருக்கும் ஓர் அறையும் ஒரு வேலையும் கொடுத்துவிடுவார்கள். விடிந்ததும் சங்கு ஊதும். மூன்று வேளையும் சாப்பாடு தட்டில் அறைக்கதவுக்கே வரும். யாரும் எதையும் கேள்வி கேட்கக்கூடாது. சுவர்ப் பக்கம் போகக்கூடாது. இருட்டிய பிறகு யாரும் பேசக்கூடாது. ஒரு பெண் மட்டும் சுவருக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று கேட்கத் தொடங்குகிறாள்.

குரலைத் தாழ்த்த வேண்டிய இடத்தில் தாழ்த்தி, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, நன்றாகத்தான் சொன்னேன். முன்வரிசைப் பையன்கள் வாயைத் திறந்தபடி கேட்டார்கள்.

கேள்வியைக் கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு கை உயர்ந்தது.

“நான் இருப்பேன் டீச்சர்.”

மோனிஷா. நான்காம் படிவம். அதிகம் பேசாத பெண்.

“எங்கம்மா இருப்ப?”

“அந்த ஊர்ல. ஆளுக்கொரு ரூம் குடுக்குறாங்கல்ல?”

எல்லாரும் சிரித்தார்கள். “ரூமுக்காக இல்ல டீச்சர், தட்டுல சாப்பாடு வருதுல்ல, அதான்லா!” என்று ஒரு பையன் கத்தினான். மோனிஷா சிரிக்கவில்லை, கையை இறக்கவும் இல்லை. சிரிப்பு அடங்கும்போது அவள் பக்கத்தில் இருந்த பெண்ணும் மெல்லக் கையைத் தூக்கினாள். அப்புறம் சன்னலோரம் இருவர்.

நல்லவேளையாக மணி அடித்தது.

பெயர் வைக்கத் தெரியாத அலமாரி

நான் புவியியல் ஆசிரியை என்பதை இத்தொடரில் முன்பே சொல்லியிருக்கிறேன். பெரிய வாசகி என்று சொல்லிக்கொள்ள முடியாது. ஆசிரியர் கூட்டத்துக்கு நான் வராத ஒரு நாளில் நூல்நிலையப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. வந்திருந்தால் வேறு யார் தலையிலாவது விழுந்திருக்கும்.

அந்த நாவல்கள் என் மகள் நித்யாவின் கைங்கரியம். கோலாலம்பூரில் வேலை பார்க்கிறாள். வாடகை அறையை மாற்றும்போது, “அம்மா, இதெல்லாம் தூக்கிக்கிட்டு அலைய முடியாது, ஸ்கூலுக்கு வச்சுக்குங்க” என்று ஒரு பெட்டியைக் காரிலிருந்து இறக்கிவிட்டுப் போனாள். பெரும்பாலும் ஆங்கிலம், சில மலாய் மொழிபெயர்ப்புகள். எல்லா அட்டையிலும் ஒரு பெண், இடிந்த கட்டடம், புகை.

“இது என்னா கதைம்மா?” என்று கேட்டேன்.

“டிஸ்டோப்பியா. உலகம் கெட்டுப் போனதுக்கு அப்புறம் நடக்குற கதை. பிள்ளைங்க படிக்கணும்மா. சொல்றதுக்கெல்லாம் தலையாட்டாம, ஏன் எதுக்குனு கேக்க வரும்.”

அந்த வார்த்தைக்குத் தமிழில் என்ன எழுதுவது என்று ஒரு வாரம் தவித்தேன். தமிழ் போதிக்கும் நண்பர் ஒருவர் நாலைந்து சொற்கள் சொன்னார். ஒவ்வொன்றையும் சுவரொட்டியில் எழுதிப் பார்த்தால், படிக்கிற பிள்ளை அதைப் பார்த்தே ஓடிவிடும் போலிருந்தது. கடைசியில் கறுப்புத் தாளில் வெள்ளைச் சாயத்தால் ‘கெட்ட உலகக் கதைகள்’ என்று எழுதி ஒட்டினேன். அட்டைப் பெட்டிகளை அடுக்கிச் சாம்பல் வண்ணம் பூசி ஒரு சுவர் செய்தோம். சுவரின் ஓட்டைகளில் நாவல்களைச் செருகி வைத்தோம்.

மலாய்க்காரரான எங்கள் தலைமையாசிரியை அதைப் பார்த்துவிட்டு, தமிழில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். முகம் மாறியது. “கெட்ட உலகமா? பெற்றோர் யாரும் கேட்டால்?”

“பிள்ளைகளைச் சிந்திக்க வைக்கும், புவான்” என்றேன்.

என்ன சிந்திப்பார்கள் என்று அவர் கேட்கவில்லை. நானும் அதுவரை அதை யோசித்திருக்கவில்லை.

சுங்கை ஆயர் தாவாரில் பேய்

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் சுங்கை ஆயர் தாவார் பக்கத்தில் ஒரு பள்ளியில் இருந்தேன். கடல் காற்றுக்குப் புத்தகங்களெல்லாம் ஊதிப் போயிருக்கும். ஒன்றை இழுத்தால் நாலு சேர்ந்து வரும். வாசிப்பு வாரம் வந்தபோது ஏதாவது செய் என்றார்கள். பேய்க்கதைகளைத் திரட்டி, சன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடி, மேசை விளக்கொன்றை மட்டும் போட்டு, வாசித்துக் காட்டினேன்.

ஒரு பிள்ளைகூடப் பயப்படவில்லை. எனக்கு அவமானமாகப் போய்விட்டது. “உங்களுக்குப் பேய்னா பயமே இல்லையா?” என்று கேட்டேன். ஒரு சின்னப்பெண் எழுந்து, “பேய் தொரத்தாது டீச்சர். நாய்தான் தொரத்தும்” என்றாள். தென்னந்தோப்பு வழியாகச் சைக்கிளில் வரும் பிள்ளை அவள். மற்ற பிள்ளைகளும் எழுந்து எந்தத் திருப்பத்தில் எந்த நாய், எதற்கு வாலைப் பார்க்க வேண்டும், எதற்குப் பல்லைப் பார்க்க வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். வகுப்பு முடியும்போது நான்தான் பயந்துபோயிருந்தேன்.

அதைப் பல இடங்களில் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறேன். பிள்ளைகளின் பயம் எங்கே இருக்கிறது என்று அப்போதும் எனக்குத் தெரியவில்லை, மோனிஷா கையைத் தூக்கியபோதும் தெரியவில்லை.

மோனிஷா

மறுநாள் ஓய்வு நேரத்தில் வந்து அந்த நாவலின் மலாய்ப் பிரதியை எடுத்துப் போனாள். தவணை முடிந்ததும் கொண்டுவந்து மறுபடி எடுத்தாள். மூன்றாவது முறை அவள் நீட்டியபோது, “மனப்பாடம் பண்றியா?” என்று கேட்டேன்.

“நடுவுல ஒரு எடம் இருக்கு டீச்சர். மொத நாளு அந்தப் பொண்ணு ரூமுக்குள்ள போயி கதவச் சாத்துவா. அத மட்டும் படிப்பேன்.”

அந்த இடம் எனக்கு நினைவே இல்லை. போய்ப் பார்த்தேன். அரைப் பக்கம்கூட இல்லை. கதவு மூடுகிறது, தாழ் விழுகிற சத்தம் கேட்கிறது, அவள் கட்டிலில் உட்காருகிறாள். எழுதியவர் அதைத் திகிலுக்காக எழுதியிருக்கிறார் என்று நினைக்கிறேன். சிறையில் அடைபடும் காட்சி அது.

மோனிஷாவின் வீடு தஞ்சோங் காராங் போகிற வழியில் ஒரு செம்பனைத் தோட்டத்துக்குள் இருந்தது. இரண்டு அறை வீடு. அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். அம்மா கெரோப்போக் என்கிற மீன் அப்பளம் செய்யும் சின்னத் தொழிற்சாலைக்குப் போகிறார். ஓர் அறையில் அவர்கள். இன்னொன்றில் வேலை போய்த் திரும்பி வந்த மூத்த அண்ணன், அண்ணி, அவர்களின் பிள்ளைகள். மோனிஷாவுக்கும் தங்கைக்கும் ஹால். தொலைக்காட்சி அணைந்தால்தான் பாய் விரிக்கலாம். அண்ணன் பந்தாட்டம் பார்க்கிற நாளில் அது எப்போது அணையும் என்று யாருக்கும் தெரியாது.

இதையெல்லாம் அவள் குறையாகச் சொல்லவில்லை. நான் கேட்டேன், சொன்னாள். சொல்லும்போது அண்ணன் பிள்ளைகளின் சேட்டைகளை நினைத்துச் சிரித்தாள்கூட.

“என் வீட்ல என்னா கொறை?”

சில வாரங்கள் கழித்து அவள் அம்மா வந்தார். காலை வேலையை முடித்துக்கொண்டு நேராக வந்திருக்க வேண்டும். நீலச் சட்டையில் மீன் மாவு அப்பியிருந்தது. பிளாஸ்டிக் பையிலிருந்து அந்த நாவலை எடுத்து என் மேசைமேல் வைத்தார்.

“நீங்கதான் இதக் குடுத்த டீச்சரா?”

“ஆமாம்மா. உட்காருங்க.”

“உக்கார வரல. இது நல்ல பொஸ்தகமா, கெட்ட பொஸ்தகமா? அத மட்டும் சொல்லுங்க.”

“நல்ல புத்தகம்தான்” என்றேன். அவர் பார்வை என் தலைக்குப் பின்னால் இருந்த சுவரொட்டிக்குப் போனது. “கெட்ட உலகத்தப் பத்தின நல்ல புத்தகம்” என்று சேர்த்துக்கொண்டேன். சொல்லும்போதே உளறுவதாகத் தோன்றியது.

“கெட்ட உலகமா? எம்மவ அங்கதான் போயி இருக்கணும்ங்கிறா!”

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஏதோ சத்தம். அண்ணன் பிள்ளை அவளுடைய கணக்குப் பயிற்சித் தாளைக் கிழித்திருக்கிறது. அவள் அதை அடிக்கப் போக, அம்மா அவளைத் திட்ட, அவள் எல்லாருக்கும் முன்னால், அந்தக் கதையில் வருகிற ஊர் நம் வீட்டைவிட எவ்வளவோ மேல் என்று சொல்லிவிட்டாள்.

“என் வீட்ல என்னா டீச்சர் கொறை? பட்டினி போட்டேனா? அடிச்சேனா? மூத்தவன் புள்ளகுட்டியோட வந்து நின்னா, போடானு சொல்ல முடியுமா? செவுத்துக்குள்ள இருக்கணுமாம். யாரும் யாரோடயும் பேசாம இருக்கணுமாம். அதுதான் நல்லாருக்குமாம்.”

கண்ணைச் சட்டைத் தோளில் துடைத்துக்கொண்டார். குடுவையில் இருந்த தேநீரை மூடியில் ஊற்றிக் கொடுத்தேன். அதைப் பிடிக்க வேண்டியிருந்ததால் உட்கார்ந்தார்.

அவர் பெயர் சரஸ்வதி. சரசு என்று கூப்பிடச் சொன்னார். போகும்போது கோபமெல்லாம் தணிந்திருந்தது. “நீங்க சொன்னா கேப்பா டீச்சர். அந்த ஊரு நல்ல ஊரு இல்லைனு நீங்களே சொல்லிருங்க.”

சொல்வதாக வாக்குக் கொடுத்தேன்.

அவள் எங்கே தூங்கினாள்?

மோனிஷாவைக் கூப்பிட்டு, அலமாரி அடுக்குகிற சாக்கில் பேச்சைத் தொடங்கினேன்.

“கடைசி அத்தியாயம் படிச்சியா?”

“படிச்சேன் டீச்சர்.”

“அவ்வளவு நல்ல ஊரா இருந்தா அவ ஏன் ஓடுறா?”

“சுதந்திரம் வேணும்னு.” பாடத்துக்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னாள்.

“அப்புறம்?”

“செவுரு ஏறிக் குதிச்சு, பொட்டல்ல நடந்து போறா. சூரியன் மறையுது. திரும்பிப் பாக்காமப் போறா. கதை முடிஞ்சிருச்சு.”

“அது உனக்குப் பிடிக்கலையா?”

கையிலிருந்த இரண்டு நூல்களையும் அலமாரியில் நேராக நிறுத்தினாள். பிறகு கேட்டாள்.

“டீச்சர், அன்னிக்கு ராத்திரி அவ எங்க தூங்கினா?”

நான் அவளைப் பார்த்தேன். விளையாட்டாகக் கேட்கவில்லை.

“எழுதவே இல்ல டீச்சர். நானும் தேடித் தேடிப் பாத்தேன். பொம்பளப் புள்ள, தனியா போறா. தண்ணி இல்ல, ஒரு கதவு இல்ல. எழுதினவங்களுக்கு அது தோணலையா?”

சுதந்திரத்தைப் பற்றி நான் தயார் செய்து வைத்திருந்ததெல்லாம் அந்த இடத்தில் நின்றுபோயிற்று. “யோசிச்சுச் சொல்றேன்” என்றேன். மாணவியிடம் ஆசிரியர் சொல்கிற பதிலா அது?

வீட்டுக்குப் போய் நித்யாவை அழைத்தேன். முதலில் சிரித்தாள். “அம்மா, அது நம்பிக்கையோட முடியுற முடிவு. எங்க தூங்கினானு எல்லாம் பாக்கக் கூடாது.” அப்புறம், “நான் இந்தக் கதையப் படிச்சப்ப நம்ம வீட்ல என் ரூம்ல, ஏர்கான் போட்டுப் படுத்துக்கிட்டுப் படிச்சேன்மா” என்றாள்.

இனி மோனிஷாவுக்கு இந்த மாதிரிக் கதைகளைக் கொடுப்பதா வேண்டாமா என்று கேட்டேன். கொடுக்காதீர்கள் என்றாள். அரை மணி கழித்து அவளே மறுபடி அழைத்து, இல்லை, கொடுங்கள் என்றாள்.

ஒட்டுப்பலகை

மறு ஆண்டு, பள்ளியிறுதி எஸ்.பி.எம். தேர்வுக்குச் சில மாதங்களுக்கு முன்பு பட்டணத்துத் திடலில் வேலை வாய்ப்புக் கண்காட்சி ஒன்று நடந்தது. கடற்படையின் கூடாரத்தில் கப்பலைக் குறுக்கே வெட்டிக் காட்டுகிற மாதிரி பெரிய படம் வைத்திருந்தார்கள். எல்லாரும் பீரங்கியைப் பார்த்தார்கள். மோனிஷா படுக்கைகளைப் பார்த்திருக்கிறாள்.

“ஆளுக்கொரு படுக்கை டீச்சர். தலமாட்டுல பூட்டு வச்ச பெட்டி. எந்த நேரத்துக்கு என்னா செய்யணும்னு முன்னாடியே சொல்லிருவாங்களாம். திங்கக்கெழம என்னா நடக்கும்னு ஞாயித்துக்கெழமயே தெரியும்!”

இவ்வளவு மகிழ்ச்சியாக அவள் பேசி அதுவரை நான் கேட்டதில்லை. என் கண்ணுக்கோ அந்த ஊர்தான் தெரிந்தது. சங்கு, சீருடை, கட்டளை, சுவருக்குப் பதில் கடல். எந்த உலகத்தைக் கண்டு ஓடச் சொல்லி அந்த நாவலைக் கையில் கொடுத்தேனோ, அதைப் போன்ற ஒன்றுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு என் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். தடுப்பதா, வாழ்த்துவதா? “உடம்பப் பாத்துக்க” என்று மட்டும் சொன்னேன்.

சரசு அவர் வழியில் இறங்கிவிட்டார். “ரூம்தான வேணும் இவளுக்கு? நானே கட்டித் தரேன்” என்று வீட்டின் பின்புறம் சமையல்கட்டை ஒட்டித் தகரக் கூரை இறக்கி, ஒட்டுப்பலகைச் சுவர் எழுப்ப ஆரம்பித்தார். பழைய பலகையை அங்கே இங்கே கேட்டு வாங்கினார். அண்ணன்காரன் ஆணி அடித்தான். அப்பா லோரியை நிறுத்திவிட்டு வந்து, இருட்டும் வரை வயரிங் இழுத்தார். கடற்படையிலிருந்து அழைப்பு வருவதற்குள் அறையை முடித்துவிட வேண்டும் என்பது சரசுவின் ஓட்டம். அறை இருந்தால் மகள் போக மாட்டாள்.

பாசாரில் என்னைப் பார்த்தபோதெல்லாம் சொல்வார்: “சன்னல் வச்சாச்சு டீச்சர்.” “விசிறி மாட்டியாச்சு டீச்சர்.”

தேர்வெல்லாம் முடிந்து, அறை முடியும் முன்பே அழைப்பு வந்துவிட்டது. கதவுக்குப் பூட்டு மட்டும் பாக்கி. மோனிஷா அந்த அறையைச் சுற்றிப் பார்த்து, “நல்லாருக்கும்மா” என்று சொல்லிவிட்டுத் துணிப்பையைக் கட்டினாளாம். பேருந்து நிலையத்துக்கு அப்பா மட்டும் போனார். சரசு அன்று வேலைக்குப் போய்விட்டார்.

பள்ளிச் சபைகூடலில் தலைமையாசிரியை மோனிஷாவின் பெயரைச் சொல்லி, வாசிப்பு ஒரு மாணவியை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் பாருங்கள் என்றார். நூல்நிலையத்தையும் பாராட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். எதற்கு என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

விடுப்பு

முதல் விடுப்பில் மோனிஷா நூல்நிலையத்துக்கு வந்தாள். முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். வெயிலில் முகம் காய்ந்து, மூக்கில் தோல் உரிந்திருந்தது.

“ரூம் கெடச்சுதா?” என்று கேட்டேன்.

“எங்க டீச்சர்! நீளமா ஒரு கொட்டாய், எல்லாரும் ஒண்ணாத்தான். கை நீட்டினா பக்கத்துக் கட்டில் தட்டும்.”

“அப்ப?”

“ஆனா வெளக்கு அணைஞ்சா ஒரு சத்தம் இருக்காது. அத்தன பேரும் பேசாமப் படுத்திருப்பாங்க. மொத நாளு எனக்குப் பயமா இருந்துச்சு. அழுதுட்டேன்.”

“பிடிக்கலைனா வந்திரும்மா.”

“பிடிச்சிருக்கு டீச்சர்” என்றாள், நான் சொல்லி முடிப்பதற்குள். “திட்டுறாங்க, ஓட வைக்கிறாங்க, ஏன்னு கேட்டா இன்னும் ஓட வைக்கிறாங்க. ஆனா பிடிச்சிருக்கு.”

அம்மா கட்டின அறையில் தூங்கினாயா என்று கேட்டேன். அவள் முகத்தில் ஒரு வெட்கம்.

“படுத்தேன். தூக்கமே வரல. எழுந்து போயி ஹால்ல புள்ளைங்களோட படுத்துட்டேன். அம்மா பாத்துட்டாங்க. ஒண்ணும் சொல்லல.” உரிந்த மூக்கைத் தேய்த்துக்கொண்டாள். “எனக்கே ஏன்னு தெரியல டீச்சர்.”

புறப்படும்போது அலமாரிப் பக்கம் நின்று திரும்பிப் பார்த்தாள். “வேற கெட்ட ஊரு ஏதாச்சும் புதுசா வந்திருக்கா டீச்சர்?”

ஒன்று எடுத்துக் கொடுத்தேன்.

ஒரு பிற்பகல்

நான் ஓய்வு பெற்ற பிறகு, பழைய மாணவர் ஒருவரின் திருமணத்துக்காக மோனிஷா வீடு இருந்த அந்தத் தோட்டத்து மண்டபத்துக்குப் போயிருந்தேன். திரும்பும் வழியில் சரசுவைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வண்டியை நிறுத்தினேன்.

மோனிஷாவின் அப்பா வாசலில் லோரி கழுவிக்கொண்டிருந்தார். குழாயை மூடிவிட்டு நாற்காலி எடுத்துப் போட்டார்.

“உக்காருங்க டீச்சர். சரசு ரூமுக்குள்ள இருக்கா.”

“தூங்குறாங்களா?”

“தூங்கல. சும்மா இருக்கா.” குரலைத் தாழ்த்தினார். “வேல விட்டு வந்ததும் கொஞ்ச நேரம் உள்ள போயி சாத்திக்குவா. நாங்க யாரும் கூப்பிடுறது இல்ல. அவளா வருவா.”

காத்திருந்தேன். பேரப்பிள்ளைகள் ஹாலில் ஒருவரையொருவர் துரத்திக்கொண்டிருந்தார்கள். பின்பக்கக் கதவுக்கு அருகில் வந்ததும் தாங்களாகவே திரும்பி ஓடினார்கள்.

கதவு திறந்து சரசு வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும், திருடும்போது அகப்பட்டவர்போல ஒரு சிரிப்பு. “வாங்க டீச்சர், உள்ள வாங்க” என்று கையைப் பிடித்து அழைத்துப் போய், கதவைச் சாத்தினார்.

ஒரு கட்டில், ஒரு விசிறி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. ஒட்டுப்பலகை வாடை இன்னும் போகவில்லை. சுவரில் ஒரு நாட்காட்டிகூட இல்லை.

“சாத்திட்டா சத்தம் பாதியாக் கொறஞ்சிரும்” என்றார். பிறகு கட்டிலில் கால்களைத் தூக்கி வைத்து உட்கார்ந்துகொண்டு, “அந்தக் கதையச் சொல்லுங்க டீச்சர். எம்மவ எதப் படிச்சுட்டுப் போனானு எனக்கு இன்னிவரைக்கும் தெரியாது” என்றார்.

சொன்னேன். மழை பொய்த்த காலம். சுவர். சங்கு.

“தோட்டத்துல விடியக்காலைல பெரட்டுக்கு, வேலைக்கு ஆள் கூப்பிட ஊதுவாங்களே, அந்த மாதிரியா?” என்று கேட்டார்.

“அந்த மாதிரிதான்.”

தட்டில் சாப்பாடு வருகிற இடத்தில் மறுபடி நிறுத்தினார். “மூணு வேளையுமா?”

“மூணு வேளையும்.”

“கழுவுறது யாரு?”

“கழுவ வேணாம். தட்டு திரும்பிப் போயிரும்.”

நான் தொடர்ந்தேன். பெண் கேள்வி கேட்கிறாள், பிடிபடுகிறாள், தப்புகிறாள், சுவரில் ஏறுகிறாள்.

“இருங்க” என்றார் சரசு. “அந்தப் பொண்ணுக்கு அம்மா இருக்காங்களா?”

யோசித்தேன். எத்தனையோ வகுப்புகளில் சொன்ன கதை. முதல் அத்தியாயத்தில் ஓர் அம்மா மகளுக்குத் தலை வாரிவிடுவது மெல்ல நினைவுக்கு வந்தது. அதற்குப் பிறகு அந்த அம்மா எங்கேயும் வந்ததாக ஞாபகம் இல்லை.

“இருக்காங்க.”

“அவங்களும் ஓடுறாங்களா?”

“இல்ல. அவங்க உள்ளயே இருந்திடுறாங்க.”

பாவம் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன்.

“தனி ரூம்லயா?”

“ஆமா.”

“சாப்பாடு வந்துரும்?”

“வந்துரும்.”

சரசு படுக்கை விரிப்பின் சுருக்கத்தை உள்ளங்கையால் நீவினார்.

“அப்ப மவ போன துக்கம் ஒண்ணுதான் அவங்களுக்கு” என்றார்.

வெளியே ஒரு குழந்தை வீறிட்டது. “பாட்டி! தம்பி விழுந்துட்டான்!” என்று கதவைத் தட்டினார்கள். சரசு எழுந்து சேலையை உதறிச் செருகினார். “இருங்க டீச்சர், தேத்தண்ணி போட்டு எடுத்துட்டு வரேன். அப்புறம் மிச்சத்தச் சொல்லுங்க.” கதவைத் திறந்ததும் வீட்டுச் சத்தம் மொத்தமும் உள்ளே வந்தது. அவர் போகும்போது பழக்கத்தில் கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

எழுந்து போய் அதைத் திறந்து வைப்பதா, சாத்தியபடியே விடுவதா என்று தெரியாமல், தேநீர் வரும் வரை அந்தக் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன்.